டைரக்டா குடுத்துடலாம் சார்

பெட்ரோல் வாசனை பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் என்றதும் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது கருகிய பிவிசி ஒயரின் நாற்றம். நான் திருவொற்றியூர்க்காரன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் கம்பெனியும் கைகோத்து, எங்கள் ஊரில் புல்லட் செய்ய ஆரம்பித்தாலும் ஆரம்பித்தார்கள், தெருமுனையில் நின்று சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லும் ஆட்கள் ஊர் முழுக்கப் பெருகிவிட்டார்கள். சத்தம் போடாத கோளாறும் உண்டு. அதற்குத் தேரடிப் பக்கம் ‘கரன்ட் அண்ணன்’ கடைக்குத்தான் போக வேண்டும்.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மர பெஞ்சு, ஒரு பேட்டரி சார்ஜர், ஆணியில் தொங்கும் பழைய ஒயரிங் கிட்டுகள், ஒரு டெஸ்ட் லேம்ப். இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, ஒன்றின் நுனியில் கிளிப்பும் மற்றதன் நுனியில் கோணூசியும் மாட்டினால் அதுதான் டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டரும் வைத்திருந்தார். ஆனால் முதலில் கை போவது டெஸ்ட் லேம்புக்குத்தான். “மீட்டருல பன்னெண்டு வோல்ட்டு காட்டும் தம்பி. ஒயருக்குள்ள ஒரே ஒரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாக்கூட காட்டும். பல்பைக் குடுத்துப் பாரு, அப்பத் தெரியும் அந்த ஒயரோட யோக்கியதை.” பிற்பாடு எவ்வளவோ படித்தேன், இதைவிடச் சுருக்கமாக அந்த விஷயத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்பாவின் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் ஓடி நான் பார்த்ததில்லை. அம்மீட்டர் மட்டும் கடைசிவரை உயிரோடு இருந்தது. ஹெட்லைட் மண்டைமேல் சின்ன வட்டம், நடுவில் பூஜ்யம், இந்தப் பக்கம் மைனஸ், அந்தப் பக்கம் பிளஸ். சாவியைப் போட்டதும் முள் மைனஸ் பக்கம் சாயும். அப்பா டீகம்ப்ரஸர் லிவரை அழுத்திக்கொண்டு கிக்கரை மெல்ல மெல்லக் கீழே இறக்குவார். பாயிண்ட் திறக்கிற இடம் வந்ததும் காயிலுக்குப் போகும் கரன்ட் நின்று, முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது லிவரை விட்டுவிட்டு ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும், கெண்டைக்கால் வீங்கும். எங்கள் தெருவில் பெரியவர்கள் நொண்டிக்கொண்டு நடந்தால் முதலில் புல்லட்டைத்தான் சந்தேகிப்போம்.

அந்த அம்மீட்டரை வைத்துத்தான் நான் கரன்ட் கற்றுக்கொண்டேன். இண்டிகேட்டர் போட்டால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் முள் துள்ளும். பிரேக்கை மிதித்தால் இன்னும் கொஞ்சம் சாயும். ஹாரனை அழுத்தினால் விழுந்தே போகும். எது எவ்வளவு தின்கிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும். இப்போது வரும் புல்லட்டில் அம்மீட்டர் கிடையாது. அந்த முள்ளைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அண்ணன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிச்சத்துக்காக வருவார்கள். ஜி.பி. ரோட்டில் போய் 100/90 வாட் ஹாலஜன் பல்பை வாங்கி, அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்து நீட்டுவார்கள். 35 வாட் பல்பு இருந்த இடம். 35-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 100-ஐ வகுத்தால் எட்டைத் தாண்டும். கரன்ட் மூன்று மடங்கானால் ஒயரில் பிறக்கும் சூடு ஒன்பது மடங்காகும். அந்தக் கரன்ட் முழுக்க ஹேண்டில்பாரில் இருக்கும் டிம்-டிப் சுவிட்ச் வழியாக, அதற்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடு வழியாகப் போக வேண்டும். சில வாரங்களில் சுவிட்ச் பிளாஸ்டிக் இளகி, பல்பு ஹோல்டர் பழுப்பாகிப் பொரிந்துவிடும்.

இதில் வேடிக்கை, வெளிச்சமும் சொன்ன அளவுக்கு வராது. ஒல்லி ஒயரில் பாதி வழியிலேயே வோல்ட் கரைந்துபோகிறது. ஹாலஜன் பல்புக்குப் பன்னிரண்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழக் கால்பங்கு போய்விடும். ஆகவே பெரிய பல்பை மாட்டிவிட்டு, அதன் வெளிச்சத்தை ஒயரைச் சுடவைக்கச் செலவழிக்கிறோம். அதே பழைய பல்புக்கு நல்ல ஒயரும் ரிலேயும் போட்டாலே ரோடு தெளிவாகத் தெரியும் என்று அண்ணன் சொல்வார். நம்பாமல் போனவர்கள் ஒரு மாதத்தில் புது சுவிட்ச் வாங்க வருவார்கள்.

“லைட்டுக்கு எவ்ளோ வாட்டுன்னு கேக்குற. ஒயரு எவ்ளோ தாங்கும்னு கேளு” என்பது அவர் அடிக்கடி சொல்வது. பியூஸைப் பற்றியும் அதே பாட்டுத்தான். பியூஸ் லைட்டைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. லைட் போனால் புது லைட் வாங்கலாம். பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஒயர் பழுத்தால் வாங்குவதற்கு வண்டியே இருக்காது. அதனால்தான் பியூஸ், பேட்டரியின் பிளஸ் டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட் பக்கத்தில் பியூஸை வைத்தால், வாசலைத் திறந்துபோட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பூட்டிய கதைதான். பேட்டரியிலிருந்து அதுவரை ஓடி வருகிற ஒயருக்குக் காவலே இல்லை.

பழைய வண்டிகளில் கண்ணாடிக் குழல் பியூஸ். அது போய்விட்டால் சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் ஜிகினாத் தாளைச் சுற்றிச் சொருகி ஓட்டுகிற வழக்கம் எங்கும் இருந்தது. தாள் போட்ட வண்டி கடைக்கு வந்தால் அண்ணன் வேலையைத் தொடங்கும் முன் அதைப் பிடுங்கி, வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். இன்றைய தகட்டு பியூஸில் நிறமே அளவைச் சொல்லிவிடுகிறது: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிவப்பு அடிக்கடி போகிறதே என்று நீலத்தைப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அடிக்கடி போகிற பியூஸ் எங்கேயோ ஒயர் உரசுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைத்து என்ன பயன்?

உரசல் என்றதும் டோல்கேட் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் புல்லட் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஃபாக் லேம்ப் மாட்டியிருந்தார். மாட்டிய இடத்தில் “டைரக்டா குடுத்துடலாம் சார்” என்று சொல்லி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு ஒயரை டேங்குக்கு அடியில் ஓட்டி, வண்டியின் கழுத்தில் இறுக்கிக் கட்டி முன்னால் கொண்டுபோயிருந்தார்கள். பியூஸ் இல்லை. பல நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், இடதுபக்கம் முழுக்க ஹேண்டிலை ஒடித்து வண்டியைத் திருப்பும்போது, டேங்குக்கும் கழுத்துக்கும் நடுவிலிருந்து புகை. நல்லவேளை, பக்கத்து டீக்கடையில் இருந்தவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஓடிவந்து பேட்டரி மூடியைத் திறந்து, துணியைச் சுற்றிய கையால் டெர்மினல் ஒயரைப் பிய்த்து எறிந்தார்.

மறுநாள் அண்ணன் டேங்கைக் கழற்றினார். பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துத் தகட்டின் விளிம்பு ஒயர்மேல் பட்ட இடத்தில், உறை நகக்கண் அளவுக்கு வழித்து எடுத்ததுபோல் போயிருந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. உறை நாள்பட உரசித் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேராக ஓட்டும்போது அது தகட்டைத் தொடாது. வலப்பக்கம் திருப்பினாலும் தொடாது. இடப்பக்கம் கடைசிவரை ஒடித்தால் மட்டும் போய் ஒட்டும். ஒட்டிய கணம் பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். அந்த ஒயர் பழுத்து, பக்கத்தில் போன கம்பெனி ஒயர்களின் உறையையும் உருக்கி, எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தது. ஒயரிங் கிட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஃபாக் லேம்ப் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து யார் வண்டியில் என்ன மாட்டினாலும், வேலை முடிந்ததும் ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்ப்பேன். எந்த ஒயரும் இழுபடக் கூடாது, எதுவும் நசுங்கக் கூடாது. கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்வு விட வேண்டும்; தகட்டு ஓரம் வருகிற இடத்தில் ஸ்லீவ் போட வேண்டும். கேபிள் டையை முறுக்கி இறுக்குவது சுத்தமான வேலை மாதிரித் தெரியும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அதிரும்போது அந்த டையே ஒயரை அறுக்கும்.

எங்கள் ஊருக்கு இன்னொரு சத்துரு உண்டு, உப்புக் காற்று. செம்பு இழைகளைப் பச்சையாக்கிவிடும். வெளியே டேப் பளிச்சென்று இருக்கும். பிரித்தால் உள்ளே களிம்பு. அதிலும் எர்த்தில் பிடித்தால் நடப்பதெல்லாம் பேய்க்கதை. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்பும் சேர்ந்து சிமிட்டும். பிரேக் பிடித்தால் ஹெட்லைட் மங்கும். பல்பு மாற்றுவார்கள், ப்ளாஷர் மாற்றுவார்கள். போன கரன்ட் திரும்பி வர நேர் வழி இல்லாததால், அடுத்த பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பிரேமில் ஒரு போல்ட்டைப் பார்த்து எர்த் அடித்துவிட்டால் போதும் என்பார்கள். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் எர்த் பெயரளவுக்குத்தான். ஹேண்டில் பக்கம் மாட்டிய லைட்டுக்கு இன்னும் மோசம்: எர்த், கிரீஸ் பூசிய கோன்செட் பால்கள் வழியாக பிரேமுக்கு வர வேண்டியிருக்கும். முன்னால் மாட்டுகிற எதற்கும் தனி எர்த் ஒயரைப் பேட்டரி மைனஸ்வரை ஓட்டுவதே என் கட்சி. இரண்டு மீட்டர் ஒயர் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும்.

டிவிஎஸ் 50 வைத்திருந்த எங்கள் சித்தப்பா, தனக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய வண்டியில் லைட்டுக்கு பேட்டரியே இல்லை. மேக்னெட்டிலிருந்து நேராக லைட்டுக்கு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம், விட்டால் இருட்டு. ஹெட்லைட் பல்பு போனால், அது தின்றுகொண்டிருந்த கரன்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் ஏறி, டெயில் லேம்பையும் கொண்டுபோகும். வெகுகாலம்வரை சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் இப்படி ஏசியில்தான் எரிந்தது. அந்த ஒயரிலிருந்து எல்இடி பட்டையையோ போன் சார்ஜரையோ எடுத்தவர்கள், அது துடிதுடித்துச் செத்ததும் பொருளைக் குறை சொன்னார்கள். எந்த ஒயரில் ஓடுவது எந்த ஜாதிக் கரன்ட் என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

நிறத்தை நம்பியும் கை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டு ஒயரிங்கில் கெட்டிக்காரர். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்று அவர் கை தூக்கத்திலும் சொல்லும். அதே கணக்கோடு ஒரு ஹீரோ ஹோண்டாவில் இறங்கினார். ஹோண்டா முறையில் பச்சை எர்த், அதுவரை சரி. ஆனால் கறுப்பு, சாவி போட்டதும் பிளஸ் வருகிற ஒயர்! கறுப்பைப் பிரேமில் எர்த் அடித்தார். சாவி திருப்பியதும் பியூஸ் போனது. கம்பெனி பியூஸ் அதன் வேலையைச் செய்ததால் தப்பித்தது வண்டி. யமஹாவில் கறுப்புத்தான் எர்த். கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இங்கிலாந்தின் பழைய வண்டிகளில் பிளஸ்ஸையே எர்த் அடித்திருப்பார்கள். அவற்றுக்கு லூகாஸ் கம்பெனி சாமான்கள். அடிக்கடி லைட் போய்விடும் என்பதால் லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று அந்த ஊர்க்காரர்களே பட்டம் கட்டியிருந்தார்கள். அதே லூகாஸ் பெயர், டிவிஎஸ்ஸோடு சேர்ந்து பாடியில் ஒரு பஸ் ஸ்டாப்பாக நிற்பதை அந்த ரசிகர்கள் பார்க்க வேண்டும்.

அம்மீட்டர் முள்ளுக்கு வருகிறேன். அப்பாவின் நண்பர் ஒருவர், ஃபாக் லேம்பைப் பேட்டரியிலிருந்து டைரக்டாக எடுத்துவிட்டு, “பாரு, லைட்டைப் போட்டா முள்ளு பிளஸ்ஸுக்குப் போவுது. சார்ஜ் ஜாஸ்தியாவுது” என்று பெருமையாகக் காட்டினார். அப்பாவுக்கே குழப்பம். அண்ணன்தான் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். அம்மீட்டர் இருப்பது பேட்டரிக்கும் மற்ற வண்டிக்கும் நடுவில். பேட்டரி டெர்மினலிலேயே லைட்டைக் கொக்கி போட்டால், ஆல்டர்னேட்டர் தருகிற கரன்ட் அம்மீட்டரைத் தாண்டிப் பேட்டரிப் பக்கம் போகிறது. முள் அதைச் சார்ஜ் என்று காட்டுகிறது. போவதோ லைட்டுக்கு. பேட்டரி காய்ந்துகொண்டிருக்கும்போதே முள் பிளஸ்ஸில் நிற்கும். பொய் சொல்லத் தெரியாத ஒரு கருவியைக்கூட ஒயர் மாட்டுகிறவன் பொய் சொல்ல வைத்துவிடலாம்.

அதற்காகப் பேட்டரியிலிருந்து எடுக்கவே கூடாது என்பதில்லை. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், பியூஸும் ரிலேயும் வைத்து. ரிலேயின் காலில் எண் போட்டிருக்கும். 30-க்கு பியூஸ் தாண்டிய பேட்டரி பிளஸ், 87-லிருந்து லைட்டுக்கு, 85-ம் 86-ம் உள்ளே இருக்கும் காயிலுக்கு. காயிலின் ஒரு முனையை எர்த் செய்து, மறு முனைக்குச் சாவி போட்டால் வருகிற பிளஸ்ஸைச் சுவிட்ச் வழியாகக் கொடுத்தால் ஆயிற்று. காயில் தின்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹேண்டில் சுவிட்ச்சும் கம்பெனி ஒயரும் அதைத் தாராளமாகத் தாங்கும். 55 வாட் லேம்ப் இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல். 15 ஆம்பியர் பியூஸ், ஒன்றரை ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையாத பல இழைச் செம்பு ஒயர். வீட்டுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி ஒயர் வண்டிக்கு ஆகாது, அதிர்வில் ஒடியும். அம்மீட்டருக்குப் பதில் இப்போது சின்ன வோல்ட் மீட்டர் மாட்டிக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது எல்லா லைட்டையும் போட்டபின் பதினாலு வோல்ட்டை ஒட்டி நின்றால் வண்டி சுமையைத் தாங்குகிறது. பதின்மூன்றுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், ஆல்டர்னேட்டர் கொடுப்பதைவிட நாம் அதிகம் கேட்கிறோம்.

முன்பு பேட்டரி இறங்கினால் உதைத்தோ தள்ளியோ கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் பெட்ரோல் பம்பு முதல் எல்லாம் கரன்டில். பல வண்டிகளில் கிக்கரும் போய்விட்டது. அதில் ஒரு யுஎஸ்பி சார்ஜரைப் பேட்டரியில் நேராக மாட்டினால், போன் செருகாதபோதும் அது சும்மா இருக்காது. இருபது மில்லி ஆம்பியர் தின்றால்கூட ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-ஹவர். ஐந்து ஆம்பியர்-ஹவர் பேட்டரி பத்து நாளில் காலி. ஊருக்குப் போய்விட்டு வந்து பட்டனை அழுத்தினால் ரிலே மட்டும் டிக்டிக் என்று அடிக்கும். சார்ஜரும் சாவிக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

ஜாயிண்ட் விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே நடந்திருக்கிறது. அவர் சால்டர் கட்சி. நான் கிரிம்பிங் கட்சி. சால்டர் ஊறிய இடம்வரை ஒயர் கம்பியாக விறைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வு சேர்ந்து ஒடியும். சரியான லக்கை வைத்து, அதற்குரிய பிளையரால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டால் வண்டியின் ஆயுசுக்கும் நிற்கும். கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அவரும் நானும் ஒத்துப்போன விஷயம் ஒன்று: கம்பெனி ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது வேலையே இல்லை. நம் வெயிலுக்கு டேப்பின் பசை உருகி ஒழுகும். கோடை முடிவதற்குள் பிரிந்து தொங்கும். இன்னொன்றிலும் அவர் சொன்னதே வேதம். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை பிரேமில் பட்டாலும், மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மாறிச் செய்தால் ஸ்பேனர் பிரேமிலேயே வெல்டாகும். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் பேட்டரி பக்கம் போவார்.

பல குரலில் அலறுகிற ஹாரனை 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-வது விதி தடை செய்திருக்கிறது. அதை மாட்டித் தரச் சொல்லி இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அதை எப்படி மாட்டுவது என்று நான் சொல்வதாக இல்லை.

மற்றதை மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியைக் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒயர் எங்கிருந்து புறப்படுகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று கேளுங்கள். ஒயரோடு சேர்த்துப் போடும் பியூஸ் ஹோல்டர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. “எதுக்கு சார் பியூஸ், டைரக்டா குடுத்துடலாம்” என்று கடைக்காரர் சொன்னால், வண்டியை அடுத்த கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.